கழற்றிய சிறகு

சீவகசிந்தாமணியிலே சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியைப் பற்றி வகுப்பிற் கூறிக்கொண்டிருந்தோம். கருவுற்றிருந்த விசயை அப்பொறியில் ஏறி வானத்திற் சென்று, இரவிலே சுடுகாட்டில் இறங்கும் பகுதி அது. வகுப்பு அமைதியாயிருந்தது. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இறங்கின பிறகு அந்த மயிலைத் திருப்பி எப்பிடிக் கொண்டுபோனவை?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தனர், நாமுஞ் சிரித்தோம். ஆயினும் விடை கூற நம்மால் இயலவில்லை. கப்பல்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் சீனக்குடாவிலிருந்து விமானங்கள் எழுவதை அடிக்கடி காண்பவர்கள். ஏறுவதைப் போலவே இறங்குவதும், இறங்கிய பின்னர் நிகழ்வதும் அவர்களுக்குப் பொருட்டே.

அம்மாணவன் கேட்டது நகைப்புக்குரிய வினா அன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். கிளைடர் எனப்படும் பொறியில்லா விமானத்தை ஓட்டுவோர்க்கு அது அன்றாட வினாவாம். கிளைடர், பருந்தைப் போல ஏறுகாற்றை நாடி வட்டமிட்டு உயர்வது. ஏறுகாற்று அற்றுப்போயின், கண்ணிற்பட்ட வயலிலோ வெளியிலோ இறங்கவேண்டியதுதான். இறங்கியது தானாக மீள எழமாட்டாது. கூட்டாளிகள் மோட்டார்க் காரின் பின்னால் நீண்டதொரு பெட்டிவண்டியை இழுத்துக்கொண்டு வந்து, சிறகுகளைக் கழற்றி, உடலையும் வாலையும் அவற்றோடு ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவர். அப்பெட்டிவண்டியை ட்ரெயிலர் என்பர்.

முதலாம் உலகப்போரின் பின் வேர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் விமானத் தொழிலை ஒடுக்கியபோது, 1920 முதல் வாசர்க்குப்பே மலைச்சாரலிலே இளைஞர் கூடி வளர்த்த கலை இது. பாரதத்திலும் எஸ். இராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி என்னும் மரக்கிளைடர் 1961 இற் பறந்தது. பறந்த கதைகளை எழுதினோர் பலர். நமது கவனத்தை ஈர்த்ததோ அந்தப் பெட்டிவண்டியே.

தமிழாசிரியனுக்கு இவ்வலுவல் ஏன் என்று அன்பர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். சற்றுப் பொறுத்தருள்க.

ஒருவர் அமரும் பதினைந்து மீற்றர்க் கிளைடரின் ஒவ்வொரு சிறகும் ஏழு மீற்றருக்கு மேல் நீளமுடையது. அறுபது எழுபது கிலோகிராம் நிறையுடையது. வானிலே ஓர் ஆளையும் விமானத்தின் உடலையுஞ் சுமந்து நிற்கும் அச்சிறகு, தரையிலே கூரிய மூலையொன்று இடித்தாற் பழுதாகிவிடும். அதன் வலிமையெல்லாம் உள்ளே நெடுக ஓடும் விட்டத்திலேதான் உள்ளது; மேற்றோல் மிக மெல்லியது. ஆகவே ட்ரெயிலரிற் சிறகைக் கிடத்துவதில்லை; முன்விளிம்பு கீழாகும்படி நிறுத்துவர். சிறகின் வளைவுக்கு ஏற்ப வெட்டிக் கம்பளம் ஒட்டிய தொட்டில் போன்ற தாங்கி அதனை ஏந்தும். உடலோடு பொருந்தும் அடிப்பக்கத்திலே விட்டத்தையே தாங்குவர். மேற்றோலின்மேற் பாரம் விழ விடார். அகன்ற பட்டிகளைத் தாங்கி உள்ள இடத்தின் மேலாக மட்டுமே கட்டுவர். இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட வெறும் இடத்திற் கட்டி இறுக்குபவன், தன் கையாலேயே சிறகை நெரிப்பவன் ஆவான்.

இடியினும் கொடியது உராய்வு. இடி கேட்கும், உராய்வு கேட்காது. தளர்ந்த பட்டியொன்றின் கொளுக்கி நூறு மைல் தூரம் ஓரிடத்தையே தேய்த்துக்கொண்டு வருவதை, முன்னே காரோட்டுபவன் அறியான். ஈரமும் அவ்வாறே, மூடிய பெட்டிக்குள் வியர்க்கும் நீர் மரத்தையும் பசையையும் மெல்லமெல்லக் கெடுக்கும். அதனாலே காற்றுப் புகும் வழி வைப்பர். பாரம் சில்லுக்குப் பின்னால் மிகுந்தால் வண்டி பாம்புபோல வாலாட்டத் தொடங்கும். ஆகவே முன்பக்கம் சற்றுக் கனத்திருக்க ஏற்றுவர். சிறகை உடலோடு பூட்டும் ஆணிகளோ கைக்குள் அடங்குவன. மாட்டுவண்டிக்குக் கடையாணி எப்படியோ, அப்படியே இவை. தனிப்பையில் இட்டு, பையை என்றும் ஓரிடத்திலேயே மாட்டிவைப்பர். மீளப் பூட்டியதும், ஒருவர் உள்ளிருந்து பிடியை அசைக்க, மற்றொருவர் சிறகின் அசையும் பலகையைக் கையாற் பற்றித் தடுத்துப் பார்ப்பார். இணைக்காத வாற்பலகையோடு எழும்பி உயிரிழந்தோர் உளர்.

இவற்றையெல்லாம் நமக்கு அறிமுகமான முதிய மீனவர் ஒருவரிடம் கூறினோம். அவர் வியக்கவில்லை. "மாஸ்ரர், இறுக்கிக் கட்டினா உடையும், தளத்திக் கட்டினா தேயும். இது எங்கட ஆக்களுக்குப் புதுசில்லையே" என்றார். உண்மைதான். கட்டுமரம் என்னும் சொல்லை உலகுக்கு ஈந்தவர் தமிழர். ஆணி அடியாது கயிற்றாற் பிணித்த மரங்கள் அவை. கரையேறியதும் கட்டவிழ்த்து உலரவிட்டு, மறுபடி கடலுக்குப் போகையிற் கட்டுவர். கழற்றுவதும் சேர்ப்பதும் அத்தொழிலின் பாதி. அச்சொல்லைக் கரும்பலகையிற் பிரித்துக் காட்டிய நாம், ஒரு நாளேனும் ஒரு முடிச்சைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாடசாலையிற் பணியாற்றினோம். அங்கே மாணவன் ஒருவன் மூங்கிற் கீற்றும் மெல்லிய தாளுங் கொண்டு இரண்டு மீற்றர் அகலமுள்ள கிளைடர் ஒன்று செய்தான். மூன்று மாத உழைப்பு அது. கண்காட்சிக்கு லொறியில் அனுப்பினோம். இறக்கும்போது ஒரு சிறகு முறிந்திருந்தது. எல்லோர் முன்னிலையிலும், "ஒழுங்காகக் கட்டத் தெரியாதவனுக்கு விமானம் எதற்கு?" என்று அவனைக் கடிந்தோம். அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. இரண்டு நாளின் பின்னரே செய்தி தெரிந்தது. பையன் பழந்துணி சுற்றிச் செவ்வையாகத்தான் கட்டியிருந்தான். நாற்காலிகளை ஏற்ற இடம் போதாமையால், லொறியில் வந்தவர்கள் கட்டை அவிழ்த்துச் சிறகை ஓரமாகச் சாய்த்திருக்கிறார்கள். அந்த நாற்காலிகளை ஏற்றச் சொன்னவர் வேறெவருமல்லர், நாமே. அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். தலையை ஆட்டினான். அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு அவன் ஒன்றும் செய்யவில்லை.

வில்பர் றைற்றும் இவ்வாறே தவறினார் என்று பின்னர் வாசித்தபோது ஆறுதலும் வெட்கமும் ஒருங்கே தோன்றின. 1907 இற் பிரான்சுக்குக் கப்பலில் அனுப்பிய விமானத்தின் பெட்டிகளை, 1908 ஜூன் மாதம் லெ மான் நகரிலே அவர் திறந்தார். உள்ளே விலாச் சட்டங்கள் ஒடிந்தும், துணி கிழிந்தும், பொறியைக் குளிர்விக்கும் கலங்கள் நசுங்கியும் கிடந்தன. பெட்டி கட்டியவர் தம்பி ஓர்வில். அவரைக் கடுஞ்சொல்லாற் குறைகூறி வில்பர் கடிதம் எழுதினார். பின்னர் அறிந்தது, சுங்கத்தார் பெட்டிகளைத் திறந்து சோதித்து, கண்டபடி மீள அடைத்தனர் என்பதே. அவ்விமானத்தைச் செப்பஞ்செய்து ஆகஸ்ட் 8 ஆந் திகதி பறப்பதற்குள் ஏழு கிழமைகள் கழிந்தன. வானத்தை வென்றவரின் விமானம் பெட்டிக்குள்ளேயே சிதைந்தது.

இக்கருத்தை நண்பராகிய ஆசிரியர் ஒருவரிடம் கூறியபோது, "இது கூலியாள் பார்க்கிற வேலை, பிள்ளைகள் பாடத்தைப் படிக்கட்டும்" என்றார். நாம் உடன்படவில்லை. அறிவுடையோன் செய்வான், அறிவிலான் சுமப்பான் என்னும் இப்பிரிவினையே அந்தச் சிறகை முறித்தது. எப்பொருள் எங்கே தாங்கும், எங்கே நெரியும் என்பதை அறிந்தவனன்றோ அதனைக் கட்டவேண்டும்? நெம்புகோலையும் உராய்வையும் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறும் பிள்ளை, லொறி வந்தவுடன் ஒதுங்கி நிற்பது என்ன கல்வி? கட்டுவோரிடம் பொருளின் இயல்பைச் சொல்லாது விட்டுவிட்டு, உடைந்தபின் அவரைக் குறைகூறுவது என்ன நீதி? நம் கல்லூரியிலும் வயலின்கள், வில்லுப்பாட்டுக் கருவிகள், நாடகத் திரைகள், ஆய்வுகூடக் கண்ணாடிகள் எனப் பயணஞ் செய்யும் பொருள்கள் பலவுள. திரும்பி வந்தவை எந்நிலையில் வந்தன என்பதைப் பண்டகசாலைக்குப் பொறுப்பான ஆசிரியர் அறிவார்.

இவ்விழாவை முன்னிட்டு மண்டபமும் வாசற்கோபுரமும் பற்றிப் பழைய மாணவர் பேசுகின்றனர். நன்று, எழுக. அவற்றோடு சிறியதொரு வேண்டுகோளையும் முன்வைக்கிறோம். பெயர்க்கல் பதிப்பதற்கு இடமில்லாத நன்கொடை இது: மூடியுள்ள நீண்ட மரப்பெட்டிகள் இரண்டு, அகன்ற பட்டிகள், கம்பளத் துண்டுகள், நல்ல கயிறு. கண்காட்சிக்கு வைக்கும் புள்ளிகளிலே பத்தை, பொருளைக் கட்டிக் கொண்டுசென்று பழுதின்றித் திருப்பிக் கொணர்வதற்கு ஒதுக்குமாறு கல்லூரியையுங் கேட்கிறோம். மாதம் ஒரு மாலைப்பொழுது முடிச்சுகள் பழக்கித் தர, முன்னர்க் கூறிய மீனவப் பெரியவர் இசைந்துள்ளார். ஊதியம் வேண்டாம் என்றார், கொடுப்பதே முறை.

பெட்டிகள் உட்புறம் இரண்டரை மீற்றர் நீளம் இருத்தல் வேண்டும். அதனிற் குறைந்தால் திரைக்கம்பு அடங்காது. பெருமண்டபத்துப் பக்கக் கதவின் அகலத்தையும் அளந்து குறித்து வைத்திருக்கிறோம். தச்சு வேலையறிந்த பழைய மாணவர் எவரேனும் கேட்பாராயின், அளவுத் தாளை அன்றே கொடுப்போம்.