கசக்காத பழப் பாலேடு



ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் ஆலைப்பணி முடித்துத் திரும்புவோருக்கும், ஓசூரினின்று அத்திப்பள்ளி வழியே ஆனேக்கல் வரும் உறவினருக்கும் கோடையில் அளிக்கத் தக்கது குளிர்ந்த பழப் பாலேடு. ஆயின், விலைகொடுத்து வாங்கிய கிரீம் முழுவதும் சில வேளை கசந்து வீணாகிவிடும். வேகவைக்காத அன்னாசியும் பப்பாளியுமே இதற்குக் காரணம். அவற்றிலுள்ள நொதிகள் பாற்புரதத்தைச் சிதைத்துக் கசப்பூட்டும். அன்னாசியைச் சர்க்கரையுடன் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அக்குறை நீங்கும். பப்பாளியை விலக்கிவிடுக.

வேண்டுவன: 25 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் 200 மில்லி, பொடித்த சர்க்கரை 3 மேசைக்கரண்டி, மாம்பழம் 1, வாழைப்பழம் 2, மாதுளை முத்து அரைக் கிண்ணம், ஏலப்பொடி சிறிது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பெங்களூர் நீலத் திராட்சை சாற்றுக்குச் சிறந்ததேனும், கொட்டையும் தடித்த தோலும் உடையது. இதற்கு விதையில்லாத் திராட்சையே ஏற்றது.

செய்முறை: கிரீமைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 மணி நேரம் வைத்தெடுத்து, சர்க்கரையும் ஏலமும் சேர்த்து மெல்லக் கலக்குக. நுரைத்து நிற்பதற்கு 30 விழுக்காடேனும் கொழுப்பு வேண்டுமாதலால், வீணே கடைய வேண்டா. பழங்களைப் பரிமாறுமுன் நறுக்கிச் சேர்க்கவும். முன்னரே சேர்த்தால் நீர்விடும், வாழைப்பழமும் கறுக்கும்.

வெளியில் 2 மணி நேரத்திற்குமேல் இருந்ததைக் குழந்தைகளுக்குக் கொடாதீர்கள். கிரீம் போனாற் போகட்டும். குழந்தையின் நலமே பெரிது.