ரேகைப் பதிவேடும் கூகிளின் பதிவேடும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் இன்னும் மறக்கப்படாத சொல் 'ரேகைச் சட்டம்'. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது. திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதி மறவர்களும் அதில் சிக்கினார்கள். குற்றம் நடக்குமுன்பே ஆளைப் பதிந்துவைப்பதே அதன் தர்க்கம். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது ஒழிந்தது.

2025 ஆகஸ்டில் கூகிள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நிறுவப்படும் செயலிகளை எழுதுவோர், பிளே ஸ்டோருக்கு வெளியே விநியோகித்தாலும், தம் அடையாளத்தை அந்நிறுவனத்திடம் நிரூபித்தாக வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் படிப்படியாகப் பிற நாடுகள் என்பது திட்டம்.

இரண்டையும் சமமாக்குவது அந்த மக்களின் துயரத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். செயலி எழுதுபவன் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டியதில்லை. ஆனால் தர்க்கம் அதேதான்: தவறு செய்யாதவனும் முதலில் பதிவேட்டில் ஏற வேண்டும். அன்று பதிவேட்டை வைத்திருந்தது ஓர் அரசு. இன்று வைத்திருக்கப்போவது, நாம் வாக்களிக்கவே முடியாத ஒரு வணிக நிறுவனம்.

மோசடியைத் தடுக்கவே இது என்கிறார்கள். 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை பிளே ஸ்டோரிலிருந்து 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகள் நீக்கப்பட்டதாக இந்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவை கொல்லைப்புறமாக வந்தவை அல்ல. கணக்குத் தொடங்கி, கட்டணம் கட்டி, கூகிளின் தலைவாசல் வழியாகவே உள்ளே வந்தவை.

எதிர்ப்பு எழுந்ததும் 2025 நவம்பரில் மாணவர்களுக்கும் அனுபவமுள்ள பயனர்களுக்கும் சில விலக்குகளை அறிவித்தார்கள். சலுகை வேறு, உரிமை வேறு. கொடுத்த கையே நாளை அதைப் பறிக்கலாம்.

இணையத்தில் தமிழ் எழுதப் பழகிய தலைமுறை 'இ-கலப்பை'யை அறியும். அதைச் செய்தவர்கள் தம் பெயரை மறைக்கவில்லை; ஆனால் அதை நமக்குத் தர மைக்ரோசாப்டிடம் அனுமதி கேட்டு நிற்கவும் இல்லை. பெயர் சொல்வது வேறு, அனுமதி கேட்பது வேறு. அருப்புக்கோட்டையில் ஒரு மாணவன் கூலிக் கணக்குப் போட ஒரு செயலி எழுதி, தெருவிலுள்ள தறிக்காரர்களுக்கெல்லாம் கொடுக்க விரும்பினால், கலிபோர்னியாவின் பதிவேட்டில் அவன் ஏன் ஏற வேண்டும்? குற்றம் செய்தால் விசாரிக்க இங்கே காவல் நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அவை போதும்.