பதினைந்து நிமிடம்

வானொலியில் மூன்று விநாடி அமைதி விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். பேசிக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, என் அண்ணனின் குடியையும் பேசியே நிறுத்திவிடலாம் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

கெஞ்சினேன், திட்டினேன், அம்மா தலைமேல் சத்தியம் வாங்கினேன். அடுத்த சம்பள நாள் வரைதான் அந்தச் சத்தியம் தாங்கும். திங்கட்கிழமை காலையில் அவர் எழ முடியாமல் கிடந்தால், அவருடைய மேலாளருக்கு நானே போன் போட்டு, "அண்ணனுக்குக் காய்ச்சல் சார்" என்பேன். அறிவிப்பாளர் குரல் ஆயிற்றே, நம்பிவிடுவார்.

அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன பிறகுதான் அண்ணன் மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தார். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. சிகிச்சை முடிந்ததும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள். கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும்.

குடும்பத்தாரும் வரலாம் என்றிருந்த ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மூலையில் கோப்பி ஓ. லோரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்து, அரிசி டப்பாவுக்குள் போத்தலை ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை. குனிந்தே உட்கார்ந்திருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் அங்கதான் வைப்பேன், தங்கச்சி" என்றார் மெதுவாக. நானோ அத்தனை ஆண்டுகளும் அலமாரிக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன்!

இந்த அமைப்பு பிறந்த கதையும் இப்படித்தான். 1935இல் பில் வில்சன் என்பவர் வேலை விஷயமாக அமெரிக்காவின் அக்ரோன் நகரத்துக்குப் போனார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த ஹோட்டலின் பார் அவரை இழுத்தது. அவர் அங்கே போகாமல், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தொலைபேசியில் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், ஓர் அறுவை மருத்துவர். "பதினைந்து நிமிடம்தான்" என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கதையைத்தான் சொன்னார். தான் குடிக்காமல் இருக்கவே அவருக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது.

ஏழாவது மாதம், ஒரு கல்யாண டின்னரில் அண்ணன் மறுபடியும் குடித்துவிட்டார். நான் என் பழைய சொற்பொழிவைத் தொடங்குவதற்குள் அவரே அந்த லோரிக்கார அண்ணனை அழைத்தார். இரவு பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" மறுநாளிலிருந்து எண்ணிக்கை மீண்டும் ஒன்றில் தொடங்கியது.

நானும் குடும்பத்தினருக்காக 1951இல் உருவான 'அல்-அனான்' கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். நான் சொன்ன காய்ச்சல் பொய்கள் அண்ணனைக் காப்பாற்றவில்லை, அவருடைய குடியைத்தான் காப்பாற்றின என்பது அங்கே புரிந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் அங்கிருந்தவர்கள் குறுக்கிடாமல் கேட்டார்கள். அதன்பின் நான் யாருக்கும் பொய்யாகப் போன் போட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், ஒளித்து வைக்காதீர்கள். மருத்துவரிடம் தொடங்குங்கள். நீங்களும் உங்களுக்கென்று ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள்.

அண்ணனின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அவருக்கு ஓர் அழைப்பு. புதிதாகக் கூட்டத்துக்கு வரும் ஒரு பையன். "பதினைந்து நிமிஷத்துல வந்துடுறேன்" என்று கிளம்பினார்.

அவர் வீடு திரும்பியபோது மணி பன்னிரண்டரை.