கையெழுத்து யாருடையது?



சென்ற இதழில் சிறுதொழிலுக்குக் கணக்கேடு எழுதும் முறை பற்றிப் பார்த்தோம். அதனைப் படித்த சகோதரி ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விடயத்தை மட்டும் தருகிறோம். அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பல வருடங்களாகக் கணக்கு எழுதி வருபவர். கொள்வனவு, விற்பனை, வங்கி மீதி எல்லாம் அவருக்கு மனப்பாடம். முகாமையாளர் பதவி வெற்றிடமான போது, நீங்களும் விண்ணப்பியுங்கள் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் விண்ணப்பிக்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஓர் இளைஞர் அந்தக் கதிரையில் அமர்ந்தார். அவருக்கு வேலை பழக்கி விடுபவரும் இந்தச் சகோதரிதான். "அக்கா, அந்தக் கதிரைக்கு எங்களைப் போன்றவர்கள் ஆசைப்படலாமா?" என்று கேட்கிறார்.

ஆசைப்படலாம். ஆனால் ஆசைப்பட்டால் மட்டும் போதுமா என்பதைத்தான் இம்முறை பேச வேண்டியிருக்கிறது.

வன்னிப் பெண்களுக்குத் தலைமை தாங்கத் தெரியாது என்று எவரும் கூற முடியாது. வடக்கிலும் கிழக்கிலுமாக 89,000 பெண்கள் கணவரை இழந்தவர்கள் என்று 2010ஆம் ஆண்டில் பிரதி அமைச்சர் ஒருவர் தெரிவித்தார். மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து, பற்றை மண்டிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் தனித்து நின்ற பெண்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம் நாமே. கோழி வளர்ப்பு, தையல், மிளகாய்த்தூள், பனையோலை வேலை என்றால் எம்மைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நெல் ஆலை, எரிபொருள் நிலையம், மொத்த வியாபாரம் என்று பெரிய காசு புரளும் இடம் வந்தவுடன் காசோலையில் கையெழுத்திடும் கை பெரும்பாலும் ஆணின் கையாகி விடுகிறது. கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவதும் தேநீர் கொடுப்பதும் மட்டும் எங்கள் பொறுப்பில் அப்படியே இருக்கும்!

போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வந்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் இதே படத்தைக் காணலாம். தையல் இயந்திரங்களின் வரிசையில் இருப்போர் பெரும்பாலும் பெண்கள். மேற்பார்வையாளர், நிறைவேற்று அலுவலர், முகாமையாளர் என்று படி ஏற ஏறப் பெண்களின் தொகை குறைந்து போகிறது. திறமை இல்லாததால் அல்ல. மேலே போகப் போகக் கூட்டங்கள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடக்கின்றன. பயிற்சி வெளி மாவட்டத்தில். வேலை முடிய இரவாகிறது, பேருந்து இல்லை. பிள்ளையை யார் பார்ப்பது? இவற்றுக்கு வழி செய்யாமல் "பெண்கள் முன்வருவதில்லை" என்று சொல்வது நியாயமல்ல.

இனி, வழி செய்துகொண்ட பெண்களைப் பற்றிச் சொல்கிறோம்.

இந்தியாவில் அகமதாபாத் நகரில் தலைச்சுமை தூக்குவோர், மரக்கறி விற்போர், பழந்துணி வியாபாரம் செய்வோர் ஆகிய பெண்களுக்காக இலா பட் அம்மையார் 1972இல் சேவா என்ற தொழிற்சங்கத்தை ஆரம்பித்தார். இந்தப் பெண்களுக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. அப்படியானால் நாமே வங்கி தொடங்குவோம் என்று 1974இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபா போட்டார்கள். பதிவு செய்யப் போனால், கையெழுத்திடத் தெரியாதவர்கள் எப்படி வங்கி நடத்துவது என்று அதிகாரிகள் தயங்கினார்கள். வங்கியைப் பதிவு செய்ய முன்வந்த பெண்கள் இரவிரவாக இருந்து தங்கள் பெயரை எழுதிப் பழகிக்கொண்டு போய் ஒப்பமிட்டார்கள். அந்த வங்கி இன்றும் இருக்கிறது.

எமக்கு இன்னும் நெருக்கமான கதை லிஜ்ஜத் அப்பளம். 1959 மார்ச் 15ஆம் திகதி பம்பாயின் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். கடனாக வாங்கிய 80 ரூபாவே முதல். அன்று அவர்கள் செய்தது நான்கு பொதி அப்பளம். ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தார்கள்: நட்டம் வந்தாலும் எவரிடமும் நன்கொடை வாங்குவதில்லை. (நன்கொடைக்குப் பழகிப்போன எங்களுக்கு இது சற்றுக் கடினமாகப் படலாம். கொடுப்பவர் கையில்தான் பேனாவும் இருக்கும் என்பதை அந்த ஏழு பேரும் அறிந்திருந்தார்கள் போலும்.) இன்று அந்த நிறுவனத்தில் 45,000 பேர் வரையில் பெண்கள் இருக்கிறார்கள். ஆண்டு விற்பனை ஆயிரம் கோடி இந்திய ரூபாவைத் தாண்டிவிட்டது. ஆரம்பித்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது விற்பனைத் தொகையை அல்ல, ஏணியை. காலையில் கிளைக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிச் சென்று, வீட்டில் உருட்டிக் காயவைத்து, அடுத்த நாள் நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறும் பெண் அந்த நிறுவனத்தின் உடைமையாளர்களில் ஒருவர். இலாபத்திலும் நட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு. கிளைப் பொறுப்பாளராக வருபவரும், 21 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் அமர்பவரும், தலைவியாக வருபவரும் இப்படி அப்பளம் உருட்டிய பெண்களிலிருந்தே வருகிறார்கள். ஆண்கள் சாரதியாகவோ விற்பனை உதவியாளராகவோ சம்பளத்துக்கு வேலை செய்யலாம், உறுப்பினராக முடியாது. வெளியிலிருந்து ஒரு முகாமையாளரைக் கொண்டுவந்து அமர்த்தி, அவருக்கு அப்பளப் பெண் வேலை பழக்கும் நிலைமை அங்கே வராது.

எமது நாட்டுப் பெரிய கம்பனிகளின் பக்கம் பார்த்தால், 2020 ஒக்டோபரில் கஸ்தூரி செல்லராஜா வில்சன் ஹேமாஸ் குழுமத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியாகப் பொறுப்பேற்றார். பங்குச் சந்தையில் பதிவான ஒரு பெரிய குழுமத்துக்கு இலங்கையில் ஒரு பெண் அப்படி வந்தது அதுவே முதல் தடவை. அவரும் கணக்கியல் படித்தவர்தான். ஆனால் கணக்குப் பிரிவிலேயே இருந்துவிடவில்லை. போக்குவரத்து, மருந்து என்று விற்றுவரவுக்கும் இலாப நட்டத்துக்கும் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய பிரிவுகளைப் பொறுப்பேற்று நடத்திய பின்னரே மேலே வந்தார். கணக்கு எழுதும் சகோதரிகள் இதனை நன்றாகக் கவனிக்க வேண்டும். கணக்கு எழுதுபவரை எல்லோரும் நம்புவார்கள், பாராட்டுவார்கள், அதே மேசையில் ஓய்வு பெறும் வரை வைத்திருப்பார்கள். ஒரு தடவையாவது கொள்வனவுக்குப் போங்கள். ஆலையையோ கடையையோ ஆறு மாதம் பொறுப்பெடுத்து நடத்தித் தாருங்கள் என்றால் மறுக்காதீர்கள்.

சட்டம் போட்டுப் பெண்களை மேலே கொண்டுவந்த நாடுகளும் உண்டு. பெரிய பொதுக் கம்பனிகளின் பணிப்பாளர் சபையில் 40 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று நோர்வே 2003இல் சட்டம் இயற்றியது. இந்தியா 2013ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பனிகளில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. அங்கே முதலாளிமார் பலர் தம் மனைவியையும் மகளையும் அந்தக் கதிரையில் இருத்தினார்கள். தலைவியின் பெயர் பலகையில் இருக்க, கூட்டத்தில் கணவர் பேசும் சங்கம் எங்கள் பக்கத்திலும் இல்லையா என்ன?

இன்னொரு தடை எங்கள் ஊர்களுக்கே உரியது. தொழிலைப் பெருப்பிக்க வங்கிக் கடன் வேண்டும், கடனுக்குக் காணியை ஈடு வைக்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், சீதனமாக வந்த தன் சொந்தக் காணியையே ஈடு வைக்கவோ விற்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. இது 1911ஆம் ஆண்டின் சட்டம். கணவர் எங்கே என்று தெரியாத பெண் யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பாள்? அவ்வாறான நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி பெற அதே சட்டத்தில் இடமுண்டு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் காணாமற்போனமைச் சான்றிதழ் பெறவும் 2016 முதல் வழி இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் அவரவர் மனதைப் பொறுத்தது, அதில் நாம் எவரையும் வற்புறுத்தவில்லை. வழக்குச் செலவுக்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இனிச் சில வார்த்தை. முகாமையாளர் பதவிக்கு என்ன தகைமை கேட்கிறார்கள் என்பதை வாய்ப்பேச்சில் கேட்க வேண்டாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாடநெறி ஏதும் குறைவாக இருந்தால் அடுத்த வெற்றிடம் வருமுன் அதனை முடித்துவிட வேண்டும். பொல்கொல்லையில் உள்ள தேசிய கூட்டுறவு அபிவிருத்தி நிறுவகத்தில் படிப்பதாயின் அங்கே தங்க வேண்டி வரலாம், அந்த நாட்களில் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். வேலை பழக்கியதை நீங்களே ஒரு கடிதமாக எழுதி, உங்கள் கோவையில் இடச் சொல்லுங்கள். புதியவருக்கு எதை எதைக் கற்பித்தீர்கள், எந்தத் திகதியில் என்று விபரமாக இருக்கட்டும். நேர்முகப் பரீட்சையில் அனுபவம் உண்டா என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். பல சங்கங்களில் உறுப்பினர் பட்டியலில் எங்கள் பெயர் நிறைய இருந்தும் பொதுக்கூட்டத்தன்று நாம் போவதில்லை, போனாலும் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்துவிடுகிறோம். உங்களில் ஒருவரின் பெயரைப் பணிப்பாளர் சபைக்கு முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். அந்த இருவரும் யார் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்த இதழில் ஐந்தொகையை வாசிப்பது எப்படி என்று பார்ப்போம். உங்கள் சங்கத்தின் கடந்த ஆண்டறிக்கை வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் சங்கத்தில் கேட்டு ஒரு பிரதி வாங்கி வையுங்கள், பென்சிலும் தேவைப்படும்.