ஆறு வோல்ட்டைக் கைவிடலாமா?

பழைய இயந்திரங்கள் இரு வகையில் அழிகின்றன. கவனிப்பாரின்றித் துருப்பிடித்து அழிவது ஒரு வகை. சீர்திருத்தம் என்ற பெயரால் அவற்றின் இயல்பு மாற்றப்பட்டு அழிவது மற்றொரு வகை. முன்னதைக் குறித்து வருந்துவோர் பலர். பின்னதைக் குறித்துப் பேசுவோர் சிலரே. பழைய மோட்டார் வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் உள்ள 6 வோல்ட் மின்னமைப்பைக் களைந்துவிட்டு, அவ்விடத்தில் 12 வோல்ட் அமைப்பைப் பொருத்தும் வழக்கம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இம்மாற்றம் பெரும்பாலும் தேவையற்றது. அன்றியும், அந்த 6 வோல்ட் அமைப்பு நம் பள்ளிகளுக்குக் கிடைத்தற்கரிய போதனைக் கருவியாகும். இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை ஆராய்வதற்குச் சாமராஜநகர் வட்டாரம் மிகவும் பொருத்தமானது. இது 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. இம்மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் பகுதியோ 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்தது. ஆகவே, மைசூரின் தொழிற்செல்வமும் கோவையின் தொழிற்செல்வமும் இரு பக்கங்களிலும் இதனை அணைத்து நின்றன எனலாம்.

மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் உற்பத்தியைத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டு ஜாவா மோட்டார் சைக்கிள்கள் அங்கு உருவாயின. 1973 முதல் யெஸ்டி என்னும் பெயரில் வண்டிகள் வெளிவந்தன. 1996இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. கியர் மாற்றும் நெம்புகோலே எஞ்சினை உதைத்துக் கிளப்பும் நெம்புகோலாகவும் பயன்பட்ட அந்த ஜாவா வண்டியை இன்றும் போற்றிப் பாதுகாப்போர் பலர் உளர். அதன் மின்னமைப்பு 6 வோல்ட். இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லீஸ் ஜீப்பின் மின்னமைப்பும் அவ்வாறே. மின்சாரம் எட்டாத கிராமங்களில், மோட்டார் பாட்டரியைக் கொண்டு வைப்ரேட்டர் என்னும் அதிர்வுக் கருவியின் துணையால் இயங்கிய வால்வு ரேடியோக்களும் இருந்தன. கோவையின் ஜி. டி. நாயுடு அவர்கள் உலர் மின்கலங்களால் ஓடும் சிறு மோட்டாரைக் கொண்டு சவரக் கருவி ஒன்றை உருவாக்கியதும் குறைந்த மின்னழுத்தச் சாதனங்களின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

6 வோல்ட் வண்டிகளைப் பற்றிய முதற் குற்றச்சாட்டு, அவற்றின் விளக்கு மங்கலாக எரிகிறது என்பது. இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

36 வாட் விளக்கு ஒன்று 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் மின்னோட்டத்தையும், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் மின்னோட்டத்தையும் பெறுகிறது. மின்கலத்திலிருந்து விளக்கு வரையுள்ள கம்பி, ஸ்விட்ச், இணைப்புகள் ஆகிய அனைத்தின் தடையும் சேர்ந்து 0.1 ஓம் எனக் கொள்வோம். 6 வோல்ட் வண்டியில் வழியிலேயே 0.6 வோல்ட் இழப்பாகிறது. இது முழு அழுத்தத்தில் 10 சதவீதம். 12 வோல்ட் வண்டியில் இழப்பு 0.3 வோல்ட், அதாவது 2.5 சதவீதமே. இழை விளக்கின் ஒளி, அழுத்தம் குறையும் விகிதத்தைவிட வெகு விரைவாகக் குறையும் தன்மையுடையது. ஆதலால் 10 சதவீத அழுத்த இழப்பு, ஏறத்தாழ 30 சதவீத ஒளி இழப்பாக முடிகிறது. மற்றதில் ஒளி இழப்பு சுமார் 8 சதவீதம்தான்.

எனவே குறை 6 வோல்ட்டில் இல்லை, 0.1 ஓம் தடையில் இருக்கிறது. அத்தடை எங்கிருந்து வந்தது? வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் அது அவ்வளவு இருந்திராது. துருவேறிய எர்த்து இணைப்பு, பச்சை படிந்த செம்பு முனை, வர்ணம் பூசப்பட்ட தகட்டின் மேல் முறுக்கப்பட்ட திருகு, பழுதுற்ற தடித்த கம்பிக்கு மாற்றாக யாரோ இட்ட மெல்லிய கம்பி ஆகியவையே அதனைக் கொண்டுவந்தன. ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ள வண்டிகளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. 200 ஆம்பியர் பாயும் வழியில் 0.005 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் இழப்பாகும். 6 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். மெக்கானிக் வண்டியின் மீது பழி சுமத்துகிறார். உப்புத்தாளால் தேய்க்க வேண்டிய இடத்தில் மின்னமைப்பையே மாற்றுகிறார்.

மோட்டார் உற்பத்தியாளர்கள் 12 வோல்ட்டுக்கு மாறியது அறிவீனமன்று. எஞ்சின்களின் அமுக்க விகிதம் உயர்ந்து, அவற்றைக் கிளப்ப அதிக ஆற்றல் தேவைப்பட்டது. விளக்குகளும் ஏனைய சாதனங்களும் பெருகின. அமெரிக்க உற்பத்தியாளர்களில் பெரும்பாலோர் 1950களின் நடுப்பகுதியில் மாறினர். அழுத்தத்தை உயர்த்தினால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் பாதியானால் வழியில் வீணாகும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். காவிரியின் சிவசமுத்திரத்தில் 1902இல் உற்பத்தியான மின்சாரத்தைப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி, 140 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்கு அனுப்பியதும் இதே விதியைப் பின்பற்றித்தான். தங்கவயலின் சுரங்கத்தையும் ஜாவாவின் முகப்பு விளக்கையும் ஒரே சூத்திரம் ஆள்கிறது என்பதை மாணவன் உணர்ந்தால், அச்சூத்திரத்தை அவன் மறக்கமாட்டான்.

உற்பத்தியாளர் புதிய வண்டியை 12 வோல்ட்டுக்கென்றே வகுத்தார். நாமோ 6 வோல்ட்டுக்கென வகுக்கப்பட்ட வண்டியில் 12 வோல்ட் மின்கலத்தைத் திணிக்கிறோம். அப்போது பல்புகள், காயில், ஹாரன், அளவுமானிகள், டைனமோ, கட்டவுட்டு ஆகிய அனைத்தையும் கவனித்தாக வேண்டும். சிலவற்றை மாற்றிச் சிலவற்றை விட்டுவிட்டால் காயில் சூடேறிப் பழுதாகும். ஸ்டார்ட்டர் மோட்டார் இருமடங்கு அழுத்தத்தில் வேகமாகப் பாய்ந்து பற்சக்கரத்தின் பற்களைத் தாக்கும். கழற்றிய பழம் பகுதிகள் பழைய இரும்புக் கடைக்குச் செல்லும். அவற்றுடன் அவற்றைப் பழுது பார்க்கும் கலையும் செல்கிறது. டைனமோவின் கார்பன் புருசைத் தேய்த்துப் பொருத்தவும், பிளாட்டினம் முனைகளின் இடைவெளியைச் சரிசெய்யவும் அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் கருதுதல் முறை. உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. இன்றைய சாலையில் இரவில் செல்ல வலிய ஒளி தேவை என்பர். இரண்டும் உண்மையே. ஆயினும் 6 வோல்ட் எல்.இ.டி. விளக்குகள் இப்போது கிடைக்கின்றன. அவை குறைந்த மின்னோட்டத்தையே கொள்வதால் டைனமோவின் சுமையும் குறைகிறது. மேலும், 2021இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். அவற்றின் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை மூல உருவில் இருத்தல் வேண்டும். அன்றாடப் பயணத்திற்கும் வணிகத்திற்கும் அவற்றைப் பயன்படுத்தலாகாது. நாள்தோறும் ஓடக்கூடாத வண்டிக்கு நாள்தோறும் ஓடும் வண்டியின் ஒளி எதற்கு? நாள்தோறும் உழைக்க வேண்டிய வண்டியாயின், மாற்றம் செய்வதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அடிச்சட்டத்தைத் துளைக்காமலும் மூலக் கம்பிகளை வெட்டாமலும் மாற்ற வேண்டும். கழற்றிய பாகங்களுக்குப் பெயர்ச்சீட்டுக் கட்டிப் பாதுகாக்க வேண்டும். பின்வருவோர் விரும்பினால் பழைய நிலைக்குத் திருப்ப இயலும்படி இருத்தல் அவசியம்.

இனி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட்டை மாணவர் கையில் கொடுக்க முடியாது. 6 வோல்ட்டைக் கொடுக்கலாம். மின்தராசுகளிலும் அவசர விளக்குகளிலும் உள்ள 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி மூடிய மின்கலம் எளிதில் கிடைக்கும். மோட்டார் சைக்கிளின் 10 வாட் பல்பு ஒன்று, கம்பி, துருவேறிய இரும்புப் பட்டை, மல்டிமீட்டர் ஆகியவை போதும். மின்சுற்றில் இரும்புப் பட்டையையும் ஓர் இணைப்பாகச் சேர்த்து, பல்பு எரியும்போதே மின்கலத்தின் முனைகளிலும், பல்பின் முனைகளிலும், துருவேறிய இணைப்பின் இரு புறத்திலும் அழுத்தத்தை அளக்கச் செய்யுங்கள். பின்னர் பட்டையைப் பளபளக்கத் தேய்த்து மீண்டும் அளக்கச் செய்யுங்கள். ஓம் விதி கரும்பலகையைவிட்டு இறங்கி மாணவனின் விரல் நுனிக்கு வந்துவிடும். இதே சோதனையைக் கள ஊழியர்கள் தம் அலுவலக வண்டியிலும் செய்து பார்க்கலாம். ஸ்டார்ட்டர் தயங்கும்போது புதிய மின்கலம் வாங்குமுன் எர்த்துக் கம்பியைச் சோதிப்பது அரசாங்கப் பணத்தை மிச்சப்படுத்தும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. 6 வோல்ட் உடலை அதிரச் செய்யாது. ஆனால் மின்கல முனைகளின் குறுக்கே மோதிரமோ கடிகாரப் பட்டையோ பட்டால் அது நொடியில் சிவக்கச் சூடேறிச் சதையைப் பொசுக்கும். தீப்பொறிக் காயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் வெளிப்படும். வைப்ரேட்டர் ரேடியோவின் உள்ளே ஆபத்தான உயர் அழுத்தம் உண்டு. அதனை மாணவர் திறக்கலாகாது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவருமாதலால் தீயை அண்ட விடலாகாது.

2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகள் கடந்த அரசாங்க வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை; அவை உடைக்கப்பட வேண்டியவை. அவற்றில் பெரும்பாலானவை 12 வோல்ட் வண்டிகளே. எனினும் 6 வோல்ட் வண்டிகள் கழிக்கப்பட்ட காலத்தில் செய்யத் தவறியதை இப்போதேனும் செய்யலாம். ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையத்திற்கும், அருகிலுள்ள உயர்நிலைப்பள்ளிக்கும் ஒரு ஸ்டார்ட்டர், ஒரு காயில், ஒரு தொகுதி கம்பிகள் ஆகியவற்றை முறையான அனுமதியுடன் ஒதுக்கித் தருவது அரசுக்குப் பெருஞ்செலவாகாது. சாமராஜநகர், கொள்ளேகால், குண்டுலுப்பேட்டை ஆகிய ஊர்களில் பழைய பட்டறை நடத்துவோரை ஆண்டுக்கு ஒரு முறை வகுப்பறைக்கு அழைத்து, டைனமோவைப் பிரித்துக் காட்டச் செய்யலாம். கற்றவர் இருக்கும்போதே கற்றுக்கொள்வது நம் கடமை.