மூலைக் கதிரையின் முணுமுணுப்பு

நாட்டிலே கட்சிகள் பல. அவற்றுள் பதிவு செய்யப்படாததும், தலைவர் இல்லாததும், ஆயினும் வீட்டுக்கு வீடு கிளை கொண்டதுமான கட்சி ஒன்று உண்டு. அதுதான் ஓய்வு பெற்ற கணவன்மார் கட்சி. பதுளை நகரில் பென்ஷன் வாங்கும் ஆசிரியரும், பசறைத் தோட்டமொன்றில் கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்த தொழிலாளியும், வெலிமடைப் பக்கத்தில் மண்வெட்டியை மகனிடம் ஒப்படைத்த விவசாயியும் இக்கட்சியின் உறுப்பினரே. நாமும் அக்கட்சியினரே. ஆதலின் அதன் குறைகளை நாட்டுக்கு எடுத்துரைக்கும் தகுதி நமக்கு உண்டு.

நம் கட்சிக்குக் கொடி இல்லை. தோளில் கிடக்கும் துவாயே கொடி. மேடை இல்லை, இஸ்தோப்பின் மூலையில் கிடக்கும் கதிரையே மேடை. பேச்சாளர் உண்டு, கேட்பவர்தாம் இல்லை.

முதற் குறை ஆட்சியைப் பற்றியது. வேலைக்குப் போன காலத்தில் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பினோம். ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டிலே தங்கினோம். நிதி, உணவு, கல்வி, உள்நாட்டு விவகாரம் ஆகிய அனைத்து இலாகாக்களும் ஒரே அமைச்சரின் கையில் இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. அந்த அமைச்சர் நம் இல்லாள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாமோவெனில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர் பக்கம். அடுத்த வீட்டுக்காரி அவர் பக்கம். சோறு வைக்கும் கை எதுவென்று அறிந்த பூனையும் அவர் பக்கமே. எனவே நாம் நிரந்தர எதிர்க்கட்சி. வெளிநடப்புச் செய்யும் உரிமை மட்டும் நமக்கு உண்டு. அதுவும் மத்தியானச் சோற்றுக்கு முன் திரும்பிவிடவேண்டும் என்னும் நிபந்தனையோடு.

இரண்டாம் குறை தேநீர். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வீசும் வறண்ட கச்சான் காற்று இலைக்கு ஒரு மணத்தை ஊட்டுகிறது என்பர். அந்த மணம் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது, அங்கிருந்து கப்பலேறுகிறது. அதைப் பறித்த மலையிலே அமர்ந்திருக்கும் நமக்கு வாய்ப்பது தூள்; அத்தூளிலும் இரண்டாம் முறை ஊற்றிய சாயம். சீனி கேட்டால், டாக்டரும் மனைவியும் அமைத்த கூட்டரசாங்கம் அதைத் தடைசெய்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறது.

மூன்றாம் குறையே பெருங்குறை. அது ஒரு சொல். ‘சும்மா’ என்னும் சொல். “சும்மாதானே இருக்கீங்க, அந்தக் குடத்த எடுத்துக்கிட்டுப் பீலிக்குப் போய்ட்டு வாங்க” என்கிறார் இல்லாள். சும்மா இருப்பவரே கடைக்குப் போகவேண்டும். சும்மா இருப்பவரே ஆஸ்பத்திரியில் துண்டு எடுக்க வரிசையில் நிற்கவேண்டும். சும்மா இருப்பவரே பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவேண்டும். சம்பளம் வாங்கிய நாளில் ஒரு துரையின் ஏவல். ஓய்வு பெற்ற நாளில் வீடெல்லாம் துரைமார்! இதுவோ ஓய்வு?

நகைப்பு நிற்க. ‘இதுவோ ஓய்வு’ என்று கேட்ட வாயால் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். ஓய்வு என்பது யாது? அது யாருக்கு வாய்த்தது?

தோட்டத்துப் பெண்ணின் நாளை எண்ணிப் பாருங்கள். இருள் பிரியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். தண்ணீர் சுமக்கிறாள், ரொட்டி சுடுகிறாள், குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். ஆணுக்குக் குறித்த வேலை பல தோட்டங்களில் நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் முடிந்துவிடும். அவளோ மாலைக் கொழுந்து நிறுக்கும்வரை மலையில் நிற்கிறாள். வீடு திரும்பியதும் மீண்டும் அதே அடுப்பு. இவ்வளவு உழைத்தவளுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது 1984 இல்தான். அக்கூலியையும் கணவனோ தகப்பனோ வாங்கிச்செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது.

1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஆண் தன் பணத்தை 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்க இடமளிக்கிறது. பெண் முன்னதாகவே இளைப்பாறலாம் என்று சட்டம் எண்ணியது போலும்! சட்டம் விடை கொடுத்தது. அடுப்பு விடை கொடுக்கவில்லை. நாம் ஓய்வு பெற்றோம். நம் இல்லாள் ஓய்வு பெறவில்லை. பகலெல்லாம் கவனிக்கவேண்டிய ஆள் ஒருவரை வீட்டில் கூடுதலாகப் பெற்றார். ‘சும்மா’ என்ற அச்சொல்லில் எள்ளல் இருப்பது மெய்தான். ஆனால் அதன் அடியிலே ஐம்பது ஆண்டுக் களைப்பும் இருக்கிறது.

இனி, ஓய்வு பெற்ற ஆண்மக்களுள்ளும் இரு சாதி உண்டு. அரசாங்க உத்தியோகத்தர் 60 வயதில் இளைப்பாறினால் மாதந்தோறும் பென்ஷன் வரும். அவர் கண்மூடினால் விதவைப் பென்ஷன் மனைவியைத் தாங்கும். விவசாயிக்கென்றும் 1987 இல் ஓர் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு மாதப் பென்ஷன் இல்லை. அவர் பெறுவது ஒரே தடவையில் கைக்கு வரும் தொகைகளே.

கணக்கைப் பாருங்கள். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்கூலித் தொழிலாளிக்கு ஓராண்டுச் சேவைக்கு 14 நாட் சம்பளம். 30 ஆண்டு உழைத்தவருக்கு 420 நாட் சம்பளம். 2024 இல் வர்த்தமானியில் விதிக்கப்பட்ட 1,350 ரூபாவைக் கொண்டு பெருக்கினால் 567,000 ரூபா. அதற்குப்பின் 15 ஆண்டு உயிரோடிருப்பாராயின், மாதத்துக்கு 3,150 ரூபா. நாளுக்கு 105 ரூபா! சேமலாப நிதிப் பணம் வேறு உண்டு. ஆனால் மகளின் கலியாணம், மகனின் கடன், வைத்தியச் செலவு என்று எல்லாம் வாசலில் காத்து நிற்கின்றன. மூன்று தலைமுறைக் கடனுக்கு முன்னே ஒரு தலைமுறைச் சேமிப்பு எத்தனை நாள் நிற்கும்?

வீடாவது அவருடையதா? லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதில் பிறந்து, அதிலேயே பேரனைக் கண்டவருக்கும் பெரும்பாலும் உறுதி இல்லை. வீட்டில் ஒருவருக்கேனும் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அச்சமின்றி உறங்கலாம் என்பது பலர் நிலை. 2014 அக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர்ச் சூறாவளியிலும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டன. முதுமையில் சாய்ந்திருக்க ஒரு சுவர் கேட்பவனுக்கு, அச்சுவர் யாருடையது, எத்தனை மழைக்கு நிற்கும் என்பவையும் தெரியவில்லை.

இத்தனை குறை இருக்க, நம் கட்சியினர் சாயம் கசக்கிறது என்றும், சோறு தாமதம் என்றும் மனைவியிடம் முணுமுணுப்பது ஏன்? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948 இல் மலையகத் தமிழரின் பெரும்பான்மையோர் பிரசாவுரிமை இழந்தனர். 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் அவர்களைக் கேளாமலே இரு பிரதமர்கள் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி திறக்க 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன. பாராளுமன்றத்தில் முறையிட ஆளில்லை. துரையிடம் முறையிட்டால் வேலை நிலைக்காது. ஆகவே வெளியே விழுங்கிய சொல்லெல்லாம் வீட்டிலே வெளிவந்தது. முகவரி தவறிய கடிதம்போல் நம் முறையீடு அடுப்படியில் போய் விழுந்தது. பழக்கம் தந்தைக்குப்பின் மகனுக்கும் தொடர்ந்தது.

இன்று வாக்கு உண்டு. முகவரியும் தெரியும். ஆகவே நம் கட்சிக்கு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறோம். தோட்டத்தில் உழைத்து இளைத்த ஆணுக்கும் பெண்ணுக்கும் மாத ஓய்வூதியம் வேண்டும் என்பது ஒன்று. குடியிருக்கும் காணிக்கும் வீட்டுக்கும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வேண்டும் என்பது இரண்டு. இவ்விரண்டும் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் உரியவை. மூன்றாவது நம் கைக்குள்ளேயே இருப்பது: பீலிக்குப் போகும் குடம் இனி யாரும் ஏவாமலே நம் தோளில் ஏறவேண்டும். அதற்குச் சட்டம் வேண்டாம், வர்த்தமானி வேண்டாம்.

சாயம் கசந்தால் முணுமுணுக்கும் உரிமையை மட்டும் நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆனால் அச்சாயத்தை நாமே ஊற்றி, முதற் கோப்பையை இல்லாளுக்குக் கொடுத்தபின் முணுமுணுப்போமாக!