விலை கூடினால்தான் மருந்து கேட்குமா?

'பலதுறை மருந்தகத்து மாத்திரை எனக்குக் கேட்காது, ஒரிஜினல்தான் கேட்கும்' என்ற பேச்சு சிங்கப்பூரில் புக்கிட் மேராவின் காப்பிக்கடைகளுக்கும் புளோக்குகளின் கீழ்த்தளங்களுக்கும் புதிதல்ல. மூத்தோர் அதிகம் வாழும் பழைய குடியிருப்புப் பேட்டை இது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று மூன்றுக்கும் சேர்த்து மாத்திரை விழுங்குகிறவர்கள் நிறையப் பேர். மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை என்ற அங்கலாய்ப்பும் அதே வாயிலிருந்துதான் வருகிறது. விலை கூடிய மருந்தில்தான் வீரியம் இருக்கும், மலிவு என்றால் மட்டம் என்ற எண்ணம் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லாமல் ஊறிக் கிடக்கிறது. வீட்டுக்கு வீடு இருக்கும் எத்தனையோ நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட முடியாது; இது பையிலிருக்கும் பணத்தையும் தின்கிறது, உடம்பையும் கெடுக்கிறது. மருந்தின் தரத்துக்கு உத்தரவாதம் அதைச் சோதித்து அனுமதித்து, அனுமதித்த பிறகும் கண்காணிக்கும் அமைப்பிடம் இருக்கிறது. விலைக்கும் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வணிகப் பெயருக்கும் அந்தத் தகுதி கிடையாது.

மலிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். புது மருந்துக்குக் காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதைத் தயாரிக்க முடியாது. அதுவரை உரிமையாளர் வைத்ததுதான் விலை. கெடு முடிந்ததும் வேறு நிறுவனங்கள் அதே வேதிப்பொருளை ஜெனரிக் மருந்தாகத் தயாரிக்கின்றன. ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் முன்பே நடந்த பரிசோதனைகளை அவை திரும்ப நடத்த வேண்டியதில்லை. போட்டி வந்ததும் விலை சரிகிறது. ஃபைசரின் கொழுப்பு மாத்திரையான லிப்பிடார் ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் விற்ற மருந்து. அமெரிக்காவில் 2011 நவம்பரில் அதற்குப் போட்டி வந்தது. இன்று அதன் வேதிப்பொருளான அட்டோர்வாஸ்டாட்டினைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. மெட்ஃபார்மினோ 1957இலேயே பிரான்சில் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தி எழுதிய மருந்து. அதற்கு இன்னும் ஆராய்ச்சிச் செலவு வசூலிக்க நியாயமே இல்லை. சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் மொத்தமாகச் சேர்ந்து கொள்முதல் செய்வதால் விலை இன்னும் இறங்குகிறது. தமிழ்நாட்டில் 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் செய்து காட்டியதும் இதுதான்: வேதிப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவது, ஆய்வகத்தில் சோதித்த பிறகே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவது. இந்த மலிவில் எந்த இடத்திலும் சரக்கில் கை வைக்கத் தேவையில்லை.

'அதே சரக்கு என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்?' என்பது நியாயமான கேள்வி. ஜெனரிக் மருந்தைப் பதிவு செய்ய வரும் நிறுவனம், அது அசலைப் போலவே உடம்பில் சேர்கிறது என்று காட்ட வேண்டும். பொதுவாக ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஒரு தடவை அசலையும் ஒரு தடவை ஜெனரிக்கையும் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, எவ்வளவு மருந்து எவ்வளவு வேகத்தில் ரத்தத்தில் கலக்கிறது என்று அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் 80 முதல் 125 சதவீதம் என்ற எல்லைக்குள் அடங்க வேண்டும். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, 'ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து குறைவு' என்று சொல்பவர்கள் உண்டு. அது கணக்கைத் தவறாகப் படித்ததன் விளைவு. சராசரி மட்டுமல்லாமல், அதைச் சுற்றியுள்ள புள்ளியியல் வரம்பு முழுவதும் அந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதே விதி. சராசரி 20 சதவீதம் விலகிய மருந்து இந்தச் சோதனையில் தேறாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரை 12 ஆண்டுகளில் ஏற்ற 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடம்பில் சேரும் மொத்த அளவில் தெரிந்த சராசரி வேறுபாடு 3.56 சதவீதம். அசல் மருந்தையே ஒருவர் இன்றைக்கு ஒரு தடவை, நாளைக்கு ஒரு தடவை சாப்பிட்டாலும் இந்த அளவு ஏற்ற இறக்கம் இருக்கும்.

ரத்தத்தில் சேர்வது இருக்கட்டும், நோய் கட்டுப்படுகிறதா? அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஆரன் கெசல்ஹைமும் அவருடைய குழுவினரும் இதய நோய் மருந்துகளைப் பற்றிய 47 ஆய்வுகளைத் திரட்டி 2008 டிசம்பரில் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் அசலுக்கும் ஜெனரிக்குக்கும் மருத்துவப் பயனில் வேறுபாடு தெரியவில்லை. பீட்டா பிளாக்கர் வகையில் நடந்த 7 சோதனைகளில் ஏழிலும் இதே முடிவு. அதே குழு, அதே காலத்தில் மருத்துவ இதழ்களில் வந்த 43 தலையங்கங்களையும் படித்தது. அவற்றில் 23 ஜெனரிக்குக்கு மாறுவதை எதிர்த்து எழுதப்பட்டவை. ஆதாரம் ஒரு பக்கம் சாய, பாதிக்கு மேற்பட்ட வல்லுநர்களின் பேனா மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. மருத்துவர்களுக்கே இந்த மயக்கம் என்றால், காப்பிக்கடைப் பேச்சை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

'ஆராய்ச்சி ஆயிரம் சொல்லட்டும், மாத்திரை மாறியதும் எனக்குத் தலை சுற்றியதே' என்பார்கள். அந்தத் தலைசுற்றல் பொய்யல்ல. அதற்குக் கற்பிக்கும் காரணம்தான் பொய். விலைக்கு உடம்பை ஏய்க்கும் சக்தி உண்டு. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 12 பார்க்கின்சன் நோயாளிகளிடம் ஓர் ஊசி 100 டாலர், இன்னொன்று 1,500 டாலர் என்று சொல்லிப் போட்டார்கள். இரண்டிலும் இருந்தது வெறும் உப்புநீர். விலை கூடியது என்று நம்பிய ஊசிக்குப் பிறகு அவர்களுடைய உடலசைவு அதிகம் தேறியது. 2015இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. ஆனால் கேட்கிறதா இல்லையா என்பதை நம் உணர்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு அது போதும். ரத்த அழுத்தக் கருவியும் மூன்று மாதச் சர்க்கரை அளவும்தான் அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். மாத்திரை மாறுவதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியதும் மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதமும், வடிவம் மாறியதும் 66 சதவீதமும் கூடியது. வீட்டில் மிச்சமிருக்கும் ரத்த அழுத்த மாத்திரை நார்வாஸ்க்கையும் அதன் வேதிப்பெயரிலேயே புதிதாக வந்த அம்லோடிபினையும் இரண்டு மருந்து என்று நினைத்து ஒன்றாக விழுங்குகிறவர்களும் உண்டு. இதற்கு மருந்து, பொட்டலத்து ஒட்டுத்தாளில் உள்ள வேதிப்பெயரைப் படிக்கப் பழகுவது. வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்ற அடையாளம் போதாது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தியாவின் ரான்பாக்ஸி நிறுவனம், தரக்குறைவான மருந்து விற்றதையும் பொய்த் தகவல் தந்ததையும் 2013இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. மனச்சோர்வுக்கான புட்ப்ரியான் எக்ஸ்எல் 300 என்ற ஜெனரிக் அசலுக்குச் சமமில்லை என்று 2012இல் தெரியவந்து விற்பனை நின்றது. இவற்றை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் இந்தக் கதைகள் கற்பிக்கும் பாடம் கண்காணிப்பு வேண்டும் என்பதே. விலை கூடிய பெயர் காக்கும் என்பதல்ல. 2019இல் வயிற்று அமிலத்துக்கான ரானிடிடின் மாத்திரைகளில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பது தெரிந்ததும், சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் எட்டு வகைகளின் விற்பனையை நிறுத்தியது. ஸான்டாக் என்ற அசலும் அந்த எட்டில் அடக்கம். அதே ஆண்டு டிசம்பரில் ஆணையம் சோதித்த 46 மெட்ஃபார்மின் மருந்துகளில் மூன்று திரும்பப் பெறப்பட்டன. மற்ற 43இல் குறையில்லை. வலை வீசியவர்கள் பெயர் பார்த்து வீசவில்லை. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின் போன்றவற்றில் சிறு அளவு மாறினாலும் விளைவு மாறும் என்பது உண்மை. அங்கே செய்ய வேண்டியது மருத்துவரிடம் சொல்லி ஒரே தயாரிப்பில் நிலைத்திருப்பது. அந்தத் தயாரிப்பு விலை கூடியதாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

'அப்படியானால் எங்கே மலிவோ அங்கே வாங்கலாம்' என்று சிலர் எதிர்க்கோடிக்கு ஓடுவார்கள். அதுவும் விலையை மட்டுமே பார்க்கும் அதே பிழை. 2008இல் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ரத்தச் சர்க்கரை அபாயகரமாகச் சரிந்து சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஆண்மைக்கு என்று கள்ளத்தனமாக விற்ற போலி மாத்திரைகளிலும் மூலிகைச் சரக்குகளிலும் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அந்தச் சரக்கும் ஜெனரிக்கும் மலிவு என்ற ஒன்றில்தான் ஒத்துப்போகின்றன: ஒன்று கண்காணிப்புக்கு உள்ளே இருக்கும் மலிவு, மற்றது வெளியே இருக்கும் மலிவு. ஊருக்குப் போய் வரும்போது மருந்துக்கடையில் வாங்கி வருவது இந்தக் குற்றத்தோடு சேராது. மூன்று மாதத் தேவைக்குள் சொந்த உபயோகத்துக்குப் பொதுவாகக் கொண்டுவரலாம். ஆனால் தூக்க மாத்திரை, கோடீன் கலந்தவை போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். நம்மைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாமல் சாப்பிட்டால், மிச்சம் பிடித்த பணம் ஒரு நாள் மருத்துவமனைச் செலவில் கரைந்துவிடும்.

உண்மையான சேமிப்பு நம் காலடியிலேயே கிடக்கிறது. அரசாங்கத்தின் மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்குப் பலதுறை மருந்தகத்தில் 75 சதவீதம் வரை மானியம் உண்டு. முன்னோடித் தலைமுறையினருக்கு மீதித் தொகையில் இன்னும் பாதி குறையும். மெர்டேக்கா தலைமுறையினருக்குக் கால் பங்கு குறையும். மானியத்துக்கு முன் 40 வெள்ளி ஆகும் மருந்து, 75 சதவீதம் பெறும் முன்னோடித் தலைமுறைப் பெரியவருக்கு முதலில் 10 வெள்ளியாகி, பிறகு 5 வெள்ளியாகிறது. பட்டியலில் இல்லாத வணிகப் பெயரைக் கேட்டு அடம்பிடித்தால் இந்தச் சலுகை போய்விடும். குடும்ப மருத்துவரை விட மனமில்லாதவர்களுக்கும் வழியுண்டு: சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டைதாரர்களும் இந்த இரு தலைமுறையினரும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்திருந்தால், 2024 பிப்ரவரி முதல் குறிப்பிட்ட நாள்பட்ட நோய் மருந்துகளைப் பலதுறை மருந்தக விலைக்கு ஒப்பான விலையில் தங்கள் கிளினிக்கிலேயே வாங்கலாம். கிளினிக்கில் மருத்துவரே மருந்தும் விற்கும் வழக்கம் இங்கே இருப்பதால், சீட்டை மட்டும் எழுதி வாங்கி வெளியே விலை விசாரிக்கவும் நோயாளிக்கு இடமுண்டு, கூச்சப்பட வேண்டியதில்லை.

மருந்தின் விலையைத் தாங்க முடியாதவர் அதை ஒரேயடியாக நிறுத்துவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவார், பாதியாக உடைத்துச் சாப்பிடுவார், உடம்பு நன்றாக இருக்கும் வாரத்தில் விட்டுவிடுவார். 2022ஆம் ஆண்டு மக்கள் நலக் கருத்தாய்வின்படி சிங்கப்பூரில் வயதுவந்தோரில் 37 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம். அறிகுறி காட்டாமல் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரிக்கும் நோய் அது. ஒரிஜினலை மாதத்தில் பதினைந்து நாள் சாப்பிடுகிறவரை விட, ஐந்து வெள்ளி மாத்திரையை முப்பது நாளும் தவறாமல் சாப்பிடுகிறவர் பாதுகாப்பாக இருக்கிறார். அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவைதாம்: இந்த மருந்தின் வேதிப்பெயர் என்ன? இது மானியப் பட்டியலில் இருக்கிறதா? இல்லையென்றால், பட்டியலில் இருக்கும் எது எனக்கு ஒத்துவரும்? பெற்றோரைக் கூட்டிச் செல்லும் பிள்ளைகள் இதைக் கேட்டால், 'நல்ல மருந்தாகக் கொடுங்கள், காசைப் பற்றிக் கவலையில்லை' என்று சொல்வதை விடப் பெரிய உதவி செய்தவர்களாவார்கள்.